பச்சைக்கிளியை இரவோடு இரவாகப் பறக்கவிடலாமா?

கேள்வி: ஓராண்டுக்கு முன், சாலையோரம் கூண்டில் விற்றவரிடம் என் மகனுக்காக இரண்டு பச்சைக்கிளிகள் வாங்கினேன். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் வனத்துறையில் புகார் கொடுப்பேன் என்கிறார். நான் எதையும் பிடிக்கவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்கினேன். ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பதில்: தீராது. காசு கொடுத்து வாங்கியது உங்களைக் காப்பாற்றவும் செய்யாது. உள்நாட்டுக் காட்டுப் பறவைகளின் வணிகம் 1990-91 முதலே தடைசெய்யப்பட்டது. ரசீது இருந்தால்கூட அது உங்களுக்கு எதிரான சான்றுதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் பார்வையில் பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். வலை, கண்ணி வைப்பதும் பறவையின் கூட்டைக் கலைப்பதும் சட்டப்படி வேட்டையே.

இந்தச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி பச்சைக்கிளி 2-ம் அட்டவணையில், அதாவது சட்டம் பாதுகாக்கும் உயிரினங்களின் இரண்டாவது பட்டியலில் வருகிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் மாதிரி 1-ம் அட்டவணைப் பறவை என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. அந்த வம்பு உங்களுக்கு இல்லை.

'கிளி ஜோசியக்காரர் வைத்திருக்கிறாரே' என்று வாதாட வேண்டாம். அவர் வைத்திருப்பதும் குற்றம்தான், இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் சிறு ஆஸ்திரேலியக் கிளிகள் வேறு கணக்கு.

சரி, ஏன் திறந்துவிடக் கூடாது? கிளியின் சிறகை விரித்துப் பாருங்கள். விற்பவர்கள் பெரும்பாலும் வெளி ஓரத்து நீள இறகுகளைப் பாதியில் வெட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட கிளி சுவர் உயரம்கூட ஏறாது, பூனைக்கோ காக்கைக்கோ இரையாகும். புகார் வரும் நேரத்தில் கூண்டு காலியாக இருந்தால், சாட்சியத்தை மறைத்தீர்கள் என்றும் பேச்சு வரும்.

காட்டுயிர் அரசின் சொத்து என்கிறது 39-வது பிரிவு. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது, இனியும் நாள் கடத்தாதீர்கள். எப்போது, எங்கே, யாரிடம் வாங்கினீர்கள் என்று கடிதம் எழுதி, கிளிகளோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். 'அந்தக் கடிதமே ஒப்புதல் ஆகிவிடாதா?' என்பீர்கள். ஆகும்தான். அதனால் அனுப்பும் முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். தானாக ஒப்படைத்தால் வழக்கே வராது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ஆனாலும் புகாரின் பேரில் வீட்டுக்கு வந்து பறிமுதல் செய்வதையும், நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பதையும் யாரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

குறைந்தபட்சச் சிறைத்தண்டனை இல்லாத குற்றம் என்பதால், 54-வது பிரிவின்படி இணக்கக் கட்டணத்தோடு, அதாவது ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வழக்கு நடத்தாமல் முடிக்க அதிகாரிக்கு வழி உண்டு. உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். கட்டினால் ரசீது கட்டாயம் கேளுங்கள். வாக்குமூலம் எழுதி நீட்டினால் முழுதும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்போதைக்கு எதுவும் பேச வேண்டாம்.