சம்பளம் இருக்கு, சனம் இல்லை என்றால் ஊரில் ஒரு கூத்தைத் தொடங்குங்கள்

கேள்வி: வீட்டிலிருந்தே கணினி வேலை, சம்பளத்துக்குக் குறையில்லை. மட்டக்களப்புக்கே திரும்பி வந்துவிட்டேன். ஆனால் காசுக்கு மேலே ஒன்றுமில்லாத மாதிரி இருக்கு, ஊரில் பழக ஆளில்லை. என்ன செய்யலாம்?

தியானம், ஜிம், பயணம் என்று நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் தனி ஆள் அலுவல். நீங்கள் ஒரு நாள் போகாவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். உங்களைத் தேடி ஆள் வரவேண்டுமென்றால், நீங்கள் இல்லாமல் நின்றுபோகிற வேலை ஒன்றில் சேர வேண்டும். நம்ம பக்கத்தில் அதற்குக் கூத்தை, அதாவது பாடி ஆடுகிற ஊர் நாடகத்தை விட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. முஸ்லிம் ஊரென்றால் கம்படித்து ஆடுகிற களிகம்பு இருக்கு, அதற்கும் அண்ணாவியார், அதாவது பழக்குகிற ஆசிரியர் உண்டு. தம்பிலுவில் பக்கமென்றால் கண்ணகை அம்மன் கோயில் அலுவல்கள் இருக்கு.

'எனக்கு ஆடவும் வராது, பாடவும் வராது' என்பீர்கள். கூத்தில் ஆட்டக்காரர் ஒரு வரியைப் பாடியதும் பிற்பாட்டுக்காரர் அதை எடுத்துத் திரும்பப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் ஆடுகிறவர் மூச்சு எடுக்கிறார். பிற்பாட்டுக்கு ஆள் குறைந்தால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் சீக்கிரமே மூச்சு இளைத்துவிடும். குரல் சுமாரென்றால் முதலில் அங்கே நில்லுங்கள், நாலைந்து பேர் போதும். அதுவும் வேண்டாமென்றால் கூத்துப் பாட்டுக் கொப்பி பார்த்து வரி எடுத்துக்கொடுக்கலாம், உடுப்புக் கட்டலாம்.

தொடங்குகிற முறைக்கு வருவோம். கன்னன்குடா, முனைக்காடு, மகிழடித்தீவு, வந்தாறுமூலை மாதிரிக் கூத்தாடுகிற ஊரென்றால் அண்ணாவியாரைத் தேடி அலைய வேண்டாம். இல்லாவிட்டால் கல்லடியில் இருக்கிற சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். போனில் பேசி முடிக்காதீர்கள். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரையும் ஊரில் இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு நேரே போய் வெற்றிலை வைத்துக் கேளுங்கள். அண்ணாவியாருக்கு என்ன கொடுப்பது என்பதை அன்றைக்கே பேசி முடிக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்ட இடத்தில்தான் பல கூத்துகள் குழம்புகின்றன.

கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி இருக்கு; முதல் தடவைக்கு வடமோடியில் கை வைக்காதீர்கள் என்பது என் எண்ணம். வடமோடியில் ஆட்டம் கடுமை. அரச வேடத்துக்குக் கூடு மாதிரி விரிந்து நிற்கிற கரப்பு உடுப்பு, தோளில் மரத்தில் செதுக்கிக் கண்ணாடி ஒட்டிய புயக்கட்டை, தலையில் கிரீடம் என்று பாரம் ஏறும். பகல் முழுக்கக் கதிரையில் இருக்கிற ஆளுக்கு முழங்கால் போய்விடும். தென்மோடியில் உடுப்பு இலேசு, ஆனால் பாட்டு நுணுக்கம். எதுவானாலும் பழகுவது மணல் தரையில், வெறுங்காலோடு. சீமெந்துத் தரையில் பழகினால் குதிக்கால் நோவு வரும், ஆட்களும் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள்.

வரிசையை மாற்றாதீர்கள். நல்ல நாள் பார்த்துச் சட்டங்கொடுத்தல், அதாவது அவரவர் பாத்திரத்தையும் பாட்டையும் கையில் கொடுப்பது. பிறகு தாளக்கட்டும், அதாவது தாளச் சொற்களும், ஆட்டமும். கால் படிந்த பிறகுதான் சதங்கை அணிதல். அதன் பின் வேட உடுப்புப் போடாமல் முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கிற அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். சதங்கையை முந்திக் கட்டினால் பிழையான மிதி சத்தத்தில் மறைந்துபோகும், பிறகு திருத்த ஏலாது.

போன் உதவும், மறுக்கவில்லை. அண்ணாவியார் பாடுவதைப் பதிந்து வையுங்கள், பழைய கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். ஆனால் 'ரெக்கோடிங் இருக்குத்தானே' என்று பழக்கத்துக்கு வராமல் விடுகிற பழக்கமும் அதோடு வரும். வாட்ஸ்அப் குழுவில் 'இன்று ஏழரைக்கு' என்பதைத் தவிர வேறொன்றும் எழுதக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சண்டையும் கணக்கும் கூத்துப் பழகுகிற களரியில்தான் பேச வேண்டும்.

கணக்கு பெரிய அலுவல். வீட்டுக்கு வீடு அரிசி, தேங்காய், ஒரு இரவுத் தேத்தண்ணி என்று பிரித்து வாங்குங்கள். கணக்கு எழுத ஒரு சீஆர் கொப்பி, இரண்டு பேர் கையெழுத்து, முடிந்ததும் கோயிலில் வாசிப்பு. வெளிநாட்டிலிருந்து யாராவது 'முழுச் செலவும் என்னுடையது' என்றால் கைகூப்பி மறுத்துவிடுங்கள். முதலில் பெனரில் தன் படம் கேட்பார், பிறகு மருமகனுக்கு அரச வேடம் கேட்பார், மற்ற வீடுகள் இது அவருடைய கூத்து என்று ஒதுங்கிவிடும்.  

கூத்தென்றால் சாதியும் குடிப்பெருமையும் ஆம்பிளைகள் மட்டும் ஆடுவதும்தானே என்று யாராவது வருவார்கள். அந்தக் குறை இருந்தது, பல இடத்தில் இன்னும் இருக்கு. அதனால்தான் நாடகச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் மட்டக்களப்பின் சீலாமுனை மக்களும் 2000களில் செய்த கூத்து மீளுருவாக்கத்தை, அதாவது கூத்தைக் காலத்துக்கேற்பத் திருத்தி ஆடியதைப் பார்க்கச் சொல்கிறேன். யார் ஆடுவது, எந்த வரியை மாற்றுவது என்பதை ஊரே இருந்து கதைத்து முடிவெடுத்தது. ஆள் சேர்க்கும்போதே அந்தப் பேச்சைத் தொடங்குங்கள். சட்டங்கொடுத்த பிறகு தொடங்கினால் கூத்து உடையும்.

அரங்கேற்றத்தில் வழக்கமாகப் பிழைப்பது ஒலி. கூத்தாடுகிற வட்டமான மேடையான வட்டக்களரியின் நடுவில் மத்தளம் நிற்கிறது. அதற்கு நேர் மேலே மைக் கட்டினால் பாட்டு ஒன்றும் கேட்காது. பந்தலின் நாலு பக்கமும் விளிம்போடு தொங்கவிடுங்கள். ஒலிபெருக்கி போடுவதானால் பொலிஸில் முன்கூட்டியே அனுமதி எடுங்கள், இரவில் எத்தனை மணி வரை போடலாம் என்றும் அங்கேயே கேளுங்கள். மத்தளத்தைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் துணி சுற்றித் தொங்கவிட வேண்டும், ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும்.

மாரிமழைக்குள் தொடங்காதீர்கள். இப்போது கொப்பியையும் அண்ணாவியாரையும் தேடி வையுங்கள். பெரும்போக நெல் வெட்டு முடிந்து ஆட்கள் கை ஓய்ந்திருக்கும்போது, பங்குனி வாக்கில், வண்ணக்கரிடம் போகலாம்.