மூன்று மாடி அலுவலகத்துக்குக் கம்பியில்லாத் தொலைபேசி: எத்தனை பேஸ் ஸ்டேஷன்கள் வேண்டும், அவற்றுக்கு எப்படி மின்சாரம் கொடுப்பது?

மூன்று மாடிகளில் இருபது ஹேண்ட்செட்கள் வரப்போகின்றன, மாடிக்கு ஒரு பேஸ் (ஹேண்ட்செட்களோடு ரேடியோ அலையில் தொடர்புகொள்ளும் நிலையப் பெட்டி) போதுமா, ஒவ்வொன்றையும் அருகிலுள்ள பிளக்கில் அடாப்டர் வைத்துச் செருகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிறு அலுவலகங்களின் நெட்வொர்க் வேலையைக் கவனிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணிக்கையைக் கட்டடத்தை நடந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்; அடாப்டர் எண்ணத்தை மட்டும் இப்போதே கைவிடுங்கள்.

விளம்பரத் தாளில், எத்தனை ஹேண்ட்செட்களைப் பதியலாம், எத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசலாம் என்று இரண்டு எண்கள் இருக்கும், இரண்டாவதுதான் முக்கியம். கிகாசெட் என்510 ஐபி புரோ என்ற பேஸில் 6 ஹேண்ட்செட்களைப் பதியலாம், ஆனால் 4 அழைப்புகள்தான் ஒரே சமயத்தில் நடக்கும். இத்தகைய தொலைபேசிகள் பயன்படுத்தும் டெக்ட் என்ற ரேடியோ முறையில் 10 மில்லிவினாடிச் சட்டகம் (திரும்பத் திரும்ப வரும் ஒரு நேரச் சுற்று) 24 நேரத்துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, பாதி போக, பாதி வர என ஒதுக்கப்படுவதால், பேஸில் உள்ள ஒரு ரேடியோ அதிகபட்சம் 12 அழைப்புகளையே தாங்கும், எச்.டி. குரலுக்கு (கூடுதல் தெளிவுள்ள பேச்சுக்கு) இரட்டிப்பு இடம் தேவைப்படுவதால் அந்த எண்ணும் குறையும். மேலும், பேசிக்கொண்டே மாடி ஏறுபவரின் அழைப்பு துண்டிக்கப்படாமல் அடுத்த பேஸுக்கு மாற வேண்டுமென்றால் பல பேஸ்கள் சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்கும் மல்டிசெல் வகையைத்தான் வாங்க வேண்டும். தனித்தனி ஒற்றை பேஸ்கள் மூன்றை வாங்கினால் அது நடக்காது.

கட்டடத்துக்குள் 50 மீட்டர் எட்டும் என்று போட்டிருப்பதை நம்பி வரைபடத்தில் வட்டம் போடாதீர்கள். ஒரு பேஸைத் தற்காலிகமாக உயரத்தில் வைத்து, ஒருவரோடு பேசியபடியே நடந்து, குரல் உடையத் தொடங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.சி. தளம், லிஃப்ட்டைச் சுற்றியுள்ள சுவர், வரிசையாக நிற்கும் இரும்பு பீரோக்கள் ஆகியவைதான் பெரும்பாலும் எல்லையைத் தீர்மானிக்கும். வசதியாக இருக்கிறதென்று சர்வர் அறையின் இரும்பு ரேக்குக்குள் பேஸை வைப்பது வீண்.

மல்டிசெல் பேஸ்கள் ஒரே நேரக்கணக்கில் இயங்கினால்தான் அழைப்பு கைமாறும். பொதுவாக ஒரு பேஸ் தன் பக்கத்து பேஸின் அலையைக் கேட்டுத் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஆகவே அவை ஒன்றுக்கொன்று நன்றாகக் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். தளம் தடுத்தால், லேன் வழி (அலுவலக நெட்வொர்க் கேபிள் வழியாக) நேரத்தை ஒத்திசைக்கும் மாதிரியைத் தேடுங்கள். அடாப்டரை நான் மறுப்பதற்குக் காரணமும் இதுவே. நடுமாடியில் யாரோ செல்போன் சார்ஜருக்காக அந்த பிளக்கைப் பிடுங்கினால், வேறு பேஸ் எட்டாத நிலையில், மேல்மாடிக்கு நேரம் போகும் வழியும் அறுந்துவிடும். பழுது ஓரிடத்தில் இருக்க, புகார் வேறிடத்திலிருந்து வரும்.

ஆகவே எல்லா பேஸ்களையும் ஒரே பி.ஓ.இ. ஸ்விட்சில் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் நெட்வொர்க் ஸ்விட்சில்) இணையுங்கள், கேபிள் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பி.ஓ.இ. தரம் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தருகிறது. டெக்ட் பேஸ்களுக்கு அது தாராளம். ஆனால் ஸ்விட்சின் மொத்த வாட்டையும் பேஸின் பி.ஓ.இ. வகுப்பையும் (எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கருவி ஸ்விட்சுக்கு அறிவிக்கும் எண்ணையும்) சேர்த்துப் பாருங்கள். வகுப்பு 1 கருவிக்கு ஸ்விட்ச் 4 வாட் ஒதுக்கும். வகுப்பு 0 என்று அறிவிக்கும் கருவி உண்மையில் குறைவாக உண்டாலும், வகுப்பை வைத்து ஒதுக்கும் ஸ்விட்ச் முழு 15.4 வாட்டையும் பிடித்துவைக்கும். மொத்தம் 60 வாட் உள்ள எட்டு போர்ட் ஸ்விட்ச் அப்போது மூன்று கருவிகளோடு நின்றுவிடும். இப்படி எதையும் கேட்டறியாமல் கேபிளில் மின்சாரத்தை நேரே செலுத்தும் 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர்கள் மலிவு என்றாலும் வேண்டாம்.

அந்த ஸ்விட்சோடு ஃபைபர் மோடம், ரவுட்டர், ஐ.பி. பி.பி.எக்ஸ். (அலுவலகத்தின் அழைப்புகளை இணைக்கும் கருவி) ஆகியவையும் யு.பி.எஸ்.ஸில் இருந்தால்தான் மின்வெட்டில் பேச முடியும். எல்லாம் சேர்ந்து 50 வாட் என்றால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சிறிய யு.பி.எஸ். புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தாங்கும்.

பேச்சு போகும் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்புவது சென்னைக்குப் புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 1990களில் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பில் பேஸ் ஸ்டேஷன்கள் சாதாரணச் செப்புக் கம்பி இணைகள் வழியாகவே மின்சாரம் பெற்றன.

அமெரிக்காவிலிருந்து யாராவது டெக்ட் 6.0 செட் கொண்டுவருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. இங்கே அது செல்போன்கள் அலை அனுப்பும் பட்டைக்குள் விழுகிறது. 1880 முதல் 1900 வரை இயங்கும் ஐரோப்பிய வகையையே கேட்டு வாங்குங்கள்.