சி.எஸ்.ஆர் ரசீது போதுமா? (காணாமல் போன 15 வயசுப் பொண்ணு)

அக்காவின் 15 வயசுப் பொண்ணு காணாமல் போய்ப் புகார் கொடுத்தால், ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர் ரசீது (புகாரை வாங்கிக்கொண்டதற்கான பதிவேட்டு ரசீது) மட்டும் கொடுத்து 24 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள், இது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்ல சட்டத்தில் இடமே இல்லை. 18 வயசுக்குக் கீழே யார் காணாமல் போனாலும் கடத்தலாகவே எடுத்துக்கொண்டு உடனே எஃப்.ஐ.ஆர் போட வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டாகிவிட்டது.

"யாரையாவது நம்பிப் போயிருப்பாள், ரெண்டு நாளில் வந்துடுவாள்" என்று ஸ்டேஷனில் நினைத்திருப்பார்கள், பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படியே போயிருந்தாலும் 15 வயசுக்கு அது பொருந்தாது.

கையில் இருக்கும் தாளை ஒருமுறை பாருங்கள். குற்ற எண்ணும் சட்டப்பிரிவும் இருந்தால் எஃப்.ஐ.ஆர், அதன் நகல் இலவசம். சி.எஸ்.ஆர் எண் மட்டும் இருந்தால் புகாரை வாங்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். திரும்பப் போய், அக்கா கையாலேயே எழுதிக் கொடுத்து (கடைசியாகப் பார்த்த இடம், உடுப்பு, பொண்ணு வைத்திருந்த போன் நம்பர் எல்லாம் அதில் வரட்டும்) எஃப்.ஐ.ஆர் கேளுங்கள். "எங்கள் எல்லை இல்லை" என்று ஸ்டேஷனில் சொன்னால் ஜீரோ எஃப்.ஐ.ஆர் (எந்த ஸ்டேஷனிலும் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிவிடுவது) போடச் சொல்லுங்கள். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்-இன் 173(4) பிரிவு இதற்குத்தான். ஆனால் தபால் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டாம், 1098-க்கும் (குழந்தைகள் உதவி எண்) 112-க்கும் (அவசர உதவி எண்) இப்போதே கூப்பிடுங்கள்.

அப்புறம் ஒன்று. வாட்ஸப்பில் போடும் படத்தில் உங்கள் சொந்த நம்பர் வேண்டாம், "பொண்ணு எங்ககிட்டதான் இருக்கு, பணம் அனுப்பு" என்று ஏமாற்றுகிறவன் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவான். ஸ்டேஷன் நம்பர் போடுங்கள்.