பில் மக்களுக்குப் 'பழங்குடி' என்பது வெறும் சான்றிதழா?

அரசுப் பட்டியலில் பெயர் இருந்தால் பழங்குடி, அவ்வளவுதானே என்று கேட்கிறீர்கள். சலுகைக்கு அது போதும், சரி. ஆனால் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று பரவிக் கிடக்கும் பில் மக்களுக்கு மதம்கூடப் பொதுவில்லை, அவர்களில் தட்வி பில் பிரிவினரில் பலர் முஸ்லிம்கள். அப்புறம் எது சேர்த்துப் பிடிக்கிறது? மண்ணும் ஒத்தாசையும் என்பேன். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கம் ஒருவர் தனியாகச் சமாளிக்க முடியாமல் 'ஹல்மா' என்று கூப்பிட்டால் ஊரே மண்வெட்டியும் கூடையுமாக வந்து நிற்கும், கூலி கிடையாது. இதோடு அரசியல் நினைவும் உண்டு: 1913 நவம்பர் 17 அன்று ராஜஸ்தான்-குஜராத் எல்லையிலுள்ள மான்கட் மலையில், பில் மக்களிடையே சீர்திருத்த இயக்கம் நடத்திய கோவிந்த் குருவின் பின்னால் திரண்டவர்களை ஆங்கிலேயப் படை சுட்டுத் தள்ளியது. 'பில் பிரதேஷ்' என்று தனி மாநிலம் கேட்பவர்கள் இன்றும் அந்த மலையில்தான் கூடுகிறார்கள்.