கேளுங்கள், சொல்கிறேன்: ரெண்டாம் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்

வாசகி, ஈசூன்: அக்கா, உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் கேட்டதிலிருந்து கேட் புஷ் என்ற பிரிட்டிஷ் பாடகியின் பாட்டு ஒன்றையே ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்துப் பாட்டு அது! முழு ஆல்பத்தையும் அவளோடு உட்கார்ந்து கேட்கலாமா, இல்லை அந்த ஒரு பாட்டுதான் தேறுமா?

தாராளமாகக் கேளுங்கள், அதுவும் இந்த வாரமே. உங்கள் மகள் கேட்பது ‘ரன்னிங் அப் தட் ஹில்’. 1985ல் வந்தபோது பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போன பாட்டு, 2022ல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் வந்த பிறகு 37 வருஷம் கழித்து அங்கே முதலிடத்துக்கு வந்தது. ஒரு ஆணும் பெண்ணும் கொஞ்ச நேரம் இடம் மாறிப் பார்த்தால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள மாட்டார்களா, அதற்காகக் கடவுளிடமே பேரம் பேசினால் என்ன என்பதுதான் அதன் விஷயம். முதலில் கேட் புஷ் வைத்த தலைப்பு ‘எ டீல் வித் காட்’. தலைப்பில் கடவுள் இருந்தால் சில நாடுகளில் வானொலியில் போட மாட்டார்கள் என்று கம்பெனி பயந்ததால் மாற்றினார்.

ஆனால் ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்தில் அது முதல் பாட்டு மட்டும்தான். அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர், அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

வாசகர், பிடோக்: அந்த ஆல்பம் என்னிடம் கேசட்டாக இருந்தது, பிரதிதான். முதல் பக்கத்தைத் தேயத் தேயக் கேட்டேன். ரெண்டாம் பக்கம் பாட்டுகள் வரிசை மாறி, ஒரு பாட்டு பாதியில் வெட்டுப்பட்டும் இருந்தது. ஒன்றும் புரியாமல் விட்டுவிட்டேன். இப்போது கேட்டால் பிடிக்குமா?

அண்ணே, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. 1987ல் இங்கே சிங்கப்பூரில் காப்புரிமைச் சட்டம் வரும்வரை பிரதிக் கேசட்டுகள் தாராளமாகக் கிடைத்தன, எத்தனையோ பேர் ஆங்கிலப் பாட்டே அதில்தான் கேட்டார்கள். மற்ற ஆல்பங்களில் வரிசை மாறினால் பெரிய நஷ்டமில்லை. இதில் போச்சு, ஏனென்றால் ரெண்டாம் பக்கத்தின் ஏழு பாட்டும் சேர்ந்து ஒரே கதை. ‘தி நைன்த் வேவ்’ என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது.

ராத்திரி, நடுக்கடல். உயிர்காப்புச் சட்டை போட்ட ஒரு பெண் தனியாக மிதக்கிறாள், சட்டையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிகிறது. தூங்கினால் போய்விடுவாள், தூக்கமோ கண்ணைச் சுற்றுகிறது. முதல் பாட்டு அந்தத் தூக்கம்தான், பியானோவும் குரலும், தாலாட்டு மாதிரி. அடுத்ததில் பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டு போகிறவள் கீழே யாரோ மாட்டியிருப்பதைப் பார்க்கிறாள், பார்த்தால் அது அவளேதான். மூன்றாவதில் பல குரல்கள் எழுந்திரு எழுந்திரு என்கின்றன, பிறகு அவள் பேச்சே துண்டு துண்டாக வெட்டுப்பட்டு வருகிறது, சூனியக்காரி என்று அவளை விசாரிக்கிறார்கள். (உங்கள் கேசட் கெட்டுப்போனது என்று நினைத்த இடம் இதுவாகவும் இருக்கலாம், இந்த வெட்டு வேண்டுமென்றே செய்தது.)

நாலாவதுதான் என்னை உலுக்கியது. அவள் ஆவியாக வீட்டுக்கே வந்து நிற்கிறாள். வீட்டில் இருக்கிறவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கிறார். இவள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. சத்தமில்லாத பாட்டு, அழுகையே கிடையாது, ஆனால் வீட்டில் ஒருவருக்காகக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். அப்புறம் ஐரிஷ் பிடிலும் மேளமும் வெடித்துக்கொண்டு வர, வருங்காலத்தில் கிழவியாகப் போகிற அவளே வந்து, நீ செத்தால் நான் எங்கே போவேன், உயிரோடு இரு என்று சண்டை போடுகிறாள். அதற்கடுத்த பாட்டில் வானத்திலிருந்து பூமியைப் பார்க்கிறாள், நடுவில் ஜார்ஜிய நாட்டுப்புறப் பாட்டு ஒன்றை ஆண்கள் கூட்டமாகப் பாடுவது வருகிறது. கடைசியில் விடிகிறது. அம்மா, அப்பா, சகோதரர்கள் மேல் எவ்வளவு பிரியம் என்று சொல்ல அவள் திரும்பி வருகிறாள்.

மொத்தம் 26 நிமிடம். எம்ஆர்டி ரயிலில் போகும்போதே கேட்டுவிடலாம் என்று தோன்றும், ஆனால் தயவுசெய்து ரயிலில் கேட்காதீர்கள். வீட்டில், ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஷஃபிள் போட்டுவிடாதீர்கள், மறுபடி அந்தப் பிரதிக் கேசட் கதைதான்.

வாசகர், உட்லண்ட்ஸ்: எண்பதுகளின் சின்தசைசர் ஓசை இன்று கேட்டால் பழசாக இருக்குமே?

பல ஆல்பங்களில் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். இதிலும் முதல் பக்கத்தில் ‘தி பிக் ஸ்கை’ எனக்கு இழுவையாகத் தெரிகிறது. மற்றபடி இது தாங்கி நிற்பதற்குக் காரணம் கேட் புஷ் வேலை செய்த விதம். ஃபேர்லைட் என்று ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு கருவி, எந்த ஓசையையும் அதில் பதிந்து கீபோர்டில் வாசிக்கலாம். முந்தைய பாட்டு ஒன்றில் கண்ணாடி உடைகிற சத்தத்தைக்கூட அவர் இப்படிச் சேர்த்திருக்கிறார். முந்தைய ஆல்பத்துக்கு வாடகை ஸ்டூடியோக்களில் பணம் தண்ணியாகப் போனதால், பெற்றோரின் பண்ணையிலிருந்த கொட்டகையில் சொந்த ஸ்டூடியோ கட்டினார். மணிக்கணக்குப் பார்த்து யாரும் மிரட்ட முடியாது. பாட்டெழுதி, இசையமைத்து, தயாரிப்பாளராகவும் அவர் மட்டுமே நின்றார், 27 வயதில். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கம்பெனி அவ்வளவு இடம் கொடுப்பது அபூர்வம். ஆல்பம் வந்ததும் பிரிட்டனில் மடோனாவைக் கீழே தள்ளி முதலிடம் பிடித்தது.

வாசகி, தோ பாயோ: கேட்டுவிட்டேன் அக்கா, அழுதுவிட்டேன். ரெக்கார்டாக எங்கே வாங்கலாம்? அடுத்து எதைக் கேட்பது?

கோல்மன் ஸ்திரீட்டில் அடெல்ஃபி கட்டடத்துக்குப் போங்கள், ஹைஃபை கடைகளோடு ரெக்கார்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பழசு வாங்குவதானால் ரெண்டாம் பக்கத்தைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், மெதுவான பாட்டுகளில் கீறல் சத்தம் நன்றாகவே கேட்கும். அடுத்து 1989ல் வந்த ‘தி சென்சுவல் வொர்ல்ட்’. அதில் பல்கேரியப் பெண்கள் மூவர் கூடப் பாடும் பாட்டுகளிலிருந்து தொடங்குங்கள்.