மென்பொருள் பதிப்பு மாறினால் மூளைப் புறணியின் தடிமன் அளவும் மாறுமா?

கேள்வி: முதியோரின் நினைவிழப்பு பற்றிய எங்கள் ஆய்வில், முதற்கட்ட எம்.ஆர்.ஐ. படங்களில் மூளைப் புறணியின் தடிமனை, மூளைப் படங்களை அளக்கும் மென்பொருளான ஃப்ரீசர்ஃபரின் 5.3 பதிப்பில் அளந்துவிட்டோம். இரண்டாண்டு கழித்து அதே நபர்களுக்கு எடுத்த படங்களை 7.1 பதிப்பில் அளந்து ஒப்பிடலாமா? இரண்டில் எது துல்லியமானது?

பதில்: ஒப்பிடக் கூடாது. இரு கட்டப் படங்களையும் ஒரே பதிப்பில், ஒரே இயங்குதளத்தில், மூலப் படங்களிலிருந்தே மீண்டும் அளந்தாக வேண்டும். கணினி நேரம் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான்; ஆனாலும் இதற்குக் குறுக்குவழி இல்லை.

புறணி, அதாவது மூளையின் மேற்பரப்பில் உள்ள சாம்பல் பொருள் அடுக்கு, சராசரியாக ஏறத்தாழ 2.5 மி.மீ. தடிமன் கொண்டது; வழக்கமான படத்தின் மிகச் சிறிய கனக் கூறான நுண்கூறோ பக்கத்துக்கு 1 மி.மீ. வெண்பொருளுக்கும் சாம்பல் பொருளுக்கும் இடையிலான எல்லையையும் புறணியின் வெளி எல்லையையும் நுண்கூற்றுக்கும் குறைவான நுட்பத்தில் மென்பொருள் கணித்து வரைகிறது. ஆகவே, ஒளிர்வைச் சீராக்கும் முறையோ எல்லையை நிறுத்தும் விதியோ சிறிது திருத்தப்பட்டாலும் தடிமன் நகர்ந்துவிடும். ஃப்ரீசர்ஃபரின் 4.3.1, 4.5.0, 5.0.0 ஆகிய பதிப்புகளை ஒப்பிட்டு 2012இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான ஆய்வில், 5.0.0 பதிப்புக்கும் முந்தைய இரண்டுக்கும் இடையே தடிமன் சராசரியாக 2.8 சதவீதமும் கன அளவு 8.8 சதவீதமும் வேறுபட்டன. கணினியும் இயங்குதளமும் மாறியபோதுகூட வேறுபாடு தென்பட்டது. இயல்பான முதுமையில் புறணி ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே மெலிகிறது என்பதால், நீங்கள் தேடும் மாற்றத்தைப் பதிப்பு மாற்றமே விழுங்கிவிடக்கூடும்.

எது துல்லியமானது என்ற கேள்விக்கு நேரடி விடை கிடைப்பது கடினம். உயிருள்ளவரின் புறணியை வெட்டி அளந்து சரிபார்க்க முடியாது. நம்மால் சோதிக்கக்கூடியது, அளவு மீண்டும் மீண்டும் ஒரே மாதிரி வருகிறதா என்பதும், வரையப்பட்ட எல்லை கண்ணால் பார்க்கும்போது பொருந்துகிறதா என்பதும்தான். குறுகிய இடைவெளியில் இருமுறை படமெடுக்கப்பட்ட சிலரின் படங்களை இரு பதிப்புகளிலும் ஓட்டி, மூளைப் பகுதிவாரியாக ஒப்பிடுங்கள். இரு அளவுகளும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு உயர்வாக இருப்பதைக் கண்டு நிறைவடைந்துவிடாதீர்கள்; எல்லாருடைய அளவும் ஒரே அளவுக்குக் கூடியிருந்தாலும் அந்தக் கெழு உயர்வாகவே இருக்கும். வேறுபாட்டின் சராசரியையும் பரவலையும் தனியே பாருங்கள். நினைவாற்றலோடு தொடர்புடையதால் உங்கள் ஆய்வுக்கு முதன்மையான என்டோரைனல் என்னும் புறணிப் பகுதியை ஒவ்வொரு படத்திலும் கண்ணால் சரிபார்ப்பது அவசியம், ஏனெனில் அங்கே மூளையின் வெளியுறையையும் புறணி என்று மென்பொருள் சேர்த்துக்கொள்வதுண்டு.

புதிதாக அளப்பதற்கு 7.1 போதும். ஒரே நபரின் பல காலப் படங்களுக்கென்றே அதில் உள்ள தொடர்கால முறையைப் பயன்படுத்துங்கள். அது அவருடைய எல்லாப் படங்களிலிருந்தும் ஒரு பொது அச்சுப் படத்தை உருவாக்கி, ஒவ்வொரு காலத்தையும் அதிலிருந்தே தொடங்கி அளக்கிறது. பழைய பதிப்பில் கையால் செய்த திருத்தங்களை அப்படியே கொண்டுவராமல், புதிய எல்லைகளைப் பார்த்த பிறகு தேவையான இடங்களில் மட்டும் திருத்துங்கள். ஒவ்வொரு நபரின் கோப்புறைக்குள்ளும் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்னும் உட்கோப்புறையில் பயன்படுத்திய பதிப்பு பதிவாகியிருக்கும். புள்ளியியல் ஆய்வைத் தொடங்கும் முன் அனைவருக்கும் அது ஒன்றாகவே உள்ளதா என்று பார்த்துவிடுங்கள்.