வயல் எங்கே போனது?

கேள்வி: என் மகள் புதுச்சேரியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். 'நான் இல்லாமல் போய்விடுவேனோ என்ற அச்சம் வரும்போது' என்று தொடங்கும், ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதை) கவிஞர் தன் மூளையை வயலாக உருவகம் செய்கிறார் என்று நோட்ஸில் போட்டிருக்கிறது. பாட்டில் வயல் என்ற சொல்லே இல்லையே, அது எப்படி உருவகம் ஆகும்?
- ஒரு வாசகர், பாகூர்

பதில்: பாகூரில் இருந்துகொண்டு வயல் எங்கே என்று கேட்கிறீர்களே ஐயா! வயல் வினைச்சொல்லுக்குள் இருக்கிறது. 'என் பேனா என் மூளையில் கதிர் பொறுக்கி முடிக்கும் முன்பே' செத்துவிடுவேனோ என்கிறார். பொறுக்குவது என்று சொன்னதுமே மூளை வயலாகிவிடுகிறது, பேனா கூடையோடு குனிந்து நடக்கிற ஆளாகிவிடுகிறது.

இது நமக்குப் புதிதில்லை. 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' குறளில் பிறவியைக் கடல் என்ற வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லவில்லை, அதை நாமே வைத்துக்கொள்கிறோம். ஒன்றை உருவகமாக்கி, அதோடு சேர்ந்த இன்னொன்றைச் சொல்லாமல் விடுவதைப் பள்ளிக்கூடத்தில் ஏகதேச உருவகம் என்று படித்திருப்பீர்கள், அதேதான். புத்தகங்கள் நெல் நிறைந்த களஞ்சியம் போல என்று அடுத்து வருவது வெறும் உவமை, 'போல' இருக்கிறதே.

ஆனால் நோட்ஸ் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. கீட்ஸ் அறுப்பு என்று சொல்லவில்லை, பொறுக்குவது என்கிறார். மிஷின் அறுப்பு வருவதற்கு முன்னால், கட்டெல்லாம் களத்துக்குப் போன பிறகு தாளுக்கு நடுவே ஒவ்வொரு கதிராகத் தேடி மடியில் போட்டுக்கொண்டே போவார்களே, அந்த வேலை. உதிர்ந்ததைக்கூட விடக்கூடாது என்கிற பதைப்பு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது, மகள் இதைப் பரீட்சையில் எழுதினால் நல்லது.

அப்புறம், தனக்குக் காசநோய் என்று தெரிந்துதான் எழுதினார் என்று சிலர் எழுதுவார்கள். கவிதை 1818 ஜனவரியில் எழுதியது, அப்போது அவருக்கு 22 வயது. ரத்தமாக இருமியது 1820 பிப்ரவரியில்தான், மறு வருடம் ரோமில் இறந்தார். கவிதை அச்சானதே 1848இல்.

கடைசி வரிகளையும் மகளோடு உட்கார்ந்து படியுங்கள். அகன்ற உலகத்தின் கரையில் தனியாக நின்று யோசிக்கிறார், காதலும் புகழும் ஒன்றுமில்லாததில் மூழ்கும்வரை. கரை இருக்கிறது, மூழ்குவது இருக்கிறது, கடல் என்ற சொல் மட்டும் இல்லை.